அறிக்கையில் உள்ள எண் என்ன சொல்கிறது?
எலும்புப் புற்றுநோயும் புரதக் குறிப்பான்களும்

எலும்புப் புற்றுநோய்க்காக எங்களிடம் வரும் குடும்பங்களில் பல, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவை. தந்தை தோல் பதனிடும் ஆலையில் பணிபுரிவார். தாய் காலணித் தொழிற்சாலையில் மேற்பகுதி தைக்கும் பிரிவில் இருப்பார். பிள்ளை ஒன்பதாம் வகுப்போ பதினொன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருக்கும். முழங்காலுக்கு அருகே சில மாதங்களாக இருந்த வலியும் வீக்கமும் அவர்களை இங்கே கொண்டுவந்திருக்கும். கையில் உள்ள பிளாஸ்டிக் உறையில் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் இருக்கும். அவற்றில் ஒரு வரியை யாரோ பேனாவால் சுற்றிக் காட்டியிருப்பார்கள். "இந்த அளவு அதிகமாக இருக்கிறதாம் டாக்டர். அப்படியென்றால் நோய் பரவிவிட்டதா? பிள்ளை பிழைப்பானா?" என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை அளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சுற்றிக் காட்டப்பட்ட எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, சிகிச்சையைத் தொடங்காமலே ஊர் திரும்பிய குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதே போல, சிகிச்சையில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தாத ஒரு பரிசோதனைக்காக நகையை அடகு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறோம். இவ்விரண்டு துன்பங்களும் தவிர்க்கக்கூடியவை. ஒரு புரதக் குறிப்பான் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்துகொண்டால் போதும்.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்?

எலும்பில் காணப்படும் புற்றுநோய்கள் அனைத்தும் ஒன்றல்ல. மார்பகம், நுரையீரல், புரோஸ்டேட் போன்ற உறுப்புகளில் தோன்றிப் பின்னர் எலும்புக்கு வந்து சேர்பவை ஒரு வகை. எலும்பிலேயே தோன்றுபவை மற்றொரு வகை. இரண்டாம் வகையில் வளரிளம் பருவத்தினரை மிகுதியாகத் தாக்குவது ஆஸ்டியோசார்கோமா ஆகும். இது அரிய நோய். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று அல்லது நான்கு பேருக்கே வருகிறது. உயரம் வேகமாகக் கூடும் 10 முதல் 20 வயதுக்குள் இது அதிகமாகத் தோன்றுகிறது. தொடை எலும்பின் கீழ்முனை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, தோளை ஒட்டிய மேற்கை எலும்பு ஆகியவையே இதன் முதன்மையான இடங்கள். பாதிக்கு மேற்பட்டவை முழங்காலைச் சுற்றியே தோன்றுகின்றன.

இந்நோய் பரவும்போது பெரும்பாலும் நுரையீரலுக்கே செல்கிறது. நோய் கண்டறியப்படும் நாளிலேயே ஐந்தில் ஒருவருக்கு, அல்லது அதற்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு, நுரையீரலிலோ வேறிடத்திலோ பரவல் தென்படுகிறது. எஞ்சியவர்களில் பலருக்கும் ஸ்கேனில் தெரியாத நுண்ணிய அளவில் நோய்ச் செல்கள் இரத்தத்தின் வழியே வெளியேறியிருக்கக்கூடும். யாருக்கு அவ்வாறு வெளியேறியுள்ளது, யாருக்கு இல்லை என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? இந்த ஒரு கேள்விக்காகவே உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் புரதங்களைத் தேடி வருகின்றனர்.

புரதக் குறிப்பான் என்பது யாது?

தோல் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரதம் அயலான பொருளன்று. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் நீக்கிய பின் எஞ்சி நிற்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதமே. குரோம் உப்பு அந்தப் புரத இழைகளைப் பிணைத்து இறுக்குவதால்தான் தோல் அழுகாமல் நிற்கிறது. நம் எலும்பின் அடித்தளமும் அதே முதல் வகைக் கொலாஜன்தான். அதன் மீது சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் படிந்து இறுகும்போது அது எலும்பாகிறது.

உடலின் ஒவ்வொரு செல்லும் தன் வேலைக்கேற்பப் பலவகைப் புரதங்களை உருவாக்குகிறது. புற்றுநோய்ச் செல் சில புரதங்களை அளவுக்கு மீறி உருவாக்கும். சிலவற்றை உருவாக்காமலே விட்டுவிடும். இரத்தத்திலோ திசுவிலோ அத்தகைய ஒரு புரதத்தின் அளவைக் கண்டு, நோயின் வகையையோ போக்கையோ ஊகிக்க முடியுமானால், அதனைப் புரதக் குறிப்பான் என்கிறோம்.

இக்குறிப்பான்கள் மூன்று வேறுபட்ட பணிகளைச் செய்கின்றன. இன்ன நோய் என்று பெயர் சொல்லுபவை முதல் வகை. நோய் எவ்வாறு செல்லக்கூடும் என்று கோடிட்டுக் காட்டுபவை இரண்டாம் வகை. இன்ன மருந்து பயன்படும் என்று வழிகாட்டுபவை மூன்றாம் வகை. அறிக்கையில் ஒரு புரதத்தின் பெயரைக் கண்டால், அது இம்மூன்றில் எதற்காகப் பார்க்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். குடும்பங்களின் அச்சத்தில் பெரும்பகுதி, முதல் வகையை இரண்டாம் வகையாக எண்ணிக்கொள்வதால் வருகிறது.

இரத்தத்தில் பார்க்கப்படும் இரண்டு

பேனாவால் சுற்றிக் காட்டப்படும் வரி பெரும்பாலும் அல்கலைன் பாஸ்பேடேஸ், அல்லது லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்பதாக இருக்கும். ஆய்வகங்கள் இவற்றை ஏ.எல்.பி., எல்.டி.எச். என்று சுருக்கி எழுதுகின்றன. இரண்டும் நொதிகள், அதாவது உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள்.

அல்கலைன் பாஸ்பேடேஸ் எலும்பை உருவாக்கும் செல்களில் மிகுதியாக உள்ளது. எலும்பில் சுண்ணாம்புச் சத்துப் படிவதில் இந்நொதிக்குப் பங்குண்டு என்பதை 1923இல் இராபர்ட் ராபிசன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் எடுத்துரைத்தார். ஆஸ்டியோசார்கோமாவும் எலும்புப் பொருளை உருவாக்கும் கட்டி என்பதால், பலருக்கு இதன் அளவு உயர்கிறது. மிக உயர்ந்த அளவோடு வருபவர்களிடையே பரவல் சற்று அதிகமாகக் காணப்படுகிறது என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிந்த செய்தி. லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் பற்றியும் அவ்வாறே கூறலாம்.

ஆனால், இவ்விரு எண்களையும் தனியே வைத்துப் படிக்கக் கூடாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு நாள்தோறும் நீள்வதால், நலமாக உள்ள பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கும் அல்கலைன் பாஸ்பேடேஸ் பெரியவர்களுக்கு உரிய அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். அறிக்கையின் ஓரத்தில் பெரியவர்களுக்கான இயல்பளவே அச்சிடப்பட்டிருந்தால், இயல்பான எண்ணும் "அதிகம்" என்று காட்டப்படும். எலும்பு முறிவு ஆறும் காலத்திலும், வைட்டமின் டி குறைபாட்டிலும், கல்லீரல் நோயிலும் இது உயரும். லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் சிவப்பணுக்களில் நிறைந்துள்ளது. ஆம்பூரில் எடுத்த இரத்தம், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூருக்கு வெயிலில் குலுங்கி வந்து சேரும்போது குழாயிலேயே சிவப்பணுக்கள் உடைந்தால், நோய்க்குச் சம்பந்தமின்றியே அளவு ஏறிவிடும். அதனால்தான் சில வேளைகளில் நாங்கள் மறுமுறையும் இரத்தம் எடுக்கிறோம். ஆய்வகத்தின் மீது ஐயம் கொண்டு எடுப்பதாக எண்ண வேண்டாம்.

இவற்றின் உண்மையான பயன் ஒப்பீட்டில் உள்ளது. தொடக்கத்தில் உயர்ந்திருந்த அளவு கீமோதெரபியின்போது இறங்கினால் அது நல்ல அறிகுறி. அறுவைக்குப் பின் இயல்புக்கு வந்த அளவு மீண்டும் ஏறினால், நுரையீரலையும் எலும்புகளையும் உடனே பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரே ஒரு நாளின் எண் இதில் எதையும் சொல்வதில்லை.

திசுவில் பார்க்கப்படும் புரதங்கள்

நோயின் பெயரை உறுதி செய்வது திசுப் பரிசோதனையே. கட்டியிலிருந்து ஊசியால் எடுக்கப்பட்ட சிறு துண்டை முதலில் பார்மலினில் இடுகிறோம். பார்மலின், குரோம் உப்பைப் போலவே புரதங்களைப் பிணைத்து, திசு அழுகாமல் காக்கிறது. அவ்வகையில் பார்த்தால், எங்கள் ஆய்வகத்தில் நிகழ்வதும் ஒருவகைப் பதனிடுதல்தான். பார்மால்டிஹைடைக் கொண்டு தோல் பதனிடும் முறையும் உண்டு என்பதை இத்தொழிலில் உள்ள முதியவர்கள் அறிவர்.

அடுத்து, எலும்புத் துண்டை அப்படியே மெல்லிய சீவலாக வெட்ட முடியாது. அமிலத்திலோ, ஈ.டி.டி.ஏ. என்னும் கரைசலிலோ ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்தாக வேண்டும். வலுவான அமிலம் வேலையை விரைவில் முடிக்கும். ஆனால் நாம் தேடும் புரதங்களையும் மரபணுப் பொருளையும் சிதைத்துவிடக்கூடும். ஈ.டி.டி.ஏ. மெதுவாக வேலை செய்யும், புரதங்களைக் காக்கும். "பயாப்சி எடுத்து இத்தனை நாளாகியும் முடிவு வரவில்லையே" என்று வருந்தும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: அந்த நாட்களில் உங்கள் பிள்ளையின் எலும்பு மெல்ல மென்மையாகிக்கொண்டிருக்கிறது.

பின்னர்த் திசுவை மெழுகில் பதித்து, நுண்சீவலாக்கி, கண்ணாடித் தகட்டில் ஏற்றுகிறோம். பார்மலின் பிணைத்து மறைத்த புரதங்களை மீண்டும் வெளிக்கொணரச் சீவலைச் சூடாக்க வேண்டும். அதற்குப் பல ஆய்வகங்களில் பயன்படுவது பிரஷர் குக்கர்தான். அதன்பின், குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்புரதத்தைச் சீவலின் மீது இடுகிறோம். அப்புரதம் இருந்தால் அவ்விடம் பழுப்பு நிறம் பெறும்.

இவ்வாறு பார்க்கப்படும் பல புரதங்கள் நோயின் பெயரைச் சொல்வதற்கே உதவுகின்றன. செல் எலும்பு உருவாக்கும் இனத்தைச் சேர்ந்தது என்பதற்கு சாட்பி-2 சான்றாகிறது. சிறுவர்களின் எலும்பில் தோன்றும் மற்றொரு நோயான யூயிங் சார்கோமாவை நோக்கி சிடி-99 வழிகாட்டுகிறது. எம்.டி.எம்-2, சி.டி.கே-4 ஆகிய இரண்டும் மெதுவாக வளரும் ஆஸ்டியோசார்கோமா வகைகளை அடையாளம் காண உதவுகின்றன. அறிக்கையில் இவை "பாசிட்டிவ்" என்று எழுதப்பட்டிருந்தால் நோய் கடுமையானது என்று பொருளில்லை. எம்.டி.எம்-2 பாசிட்டிவ் என்பது பல வேளைகளில் ஆறுதலான செய்தியே. கீமோதெரபியின்றி அறுவையே போதும் என்ற முடிவுக்கும் அது வழிவகுக்கக்கூடும்.

பரவலை முன்னறியும் முயற்சிகள்

நோய் பரவுமா என்று முன்னறியச் சொல்லப்பட்ட புரதங்களின் பட்டியல் நீளமானது. அவற்றில் இரண்டின் வரலாற்றைச் சொன்னால் மற்றவற்றையும் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது எஸ்ரின். இது செல்லின் மேற்சவ்வை உள்ளே உள்ள சட்டகத்தோடு இணைக்கும் புரதம். செல் இடம்பெயரவும் புதிய இடத்தில் ஒட்டிக்கொள்ளவும் இவ்விணைப்புத் தேவைப்படுகிறது. 2004ஆம் ஆண்டு சந்த் கன்னாவும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்டியோசார்கோமா பரவுவதற்கு எஸ்ரின் தேவை என்பதைச் சுண்டெலிகளில் காட்டினர். பெரிய இன நாய்களுக்கும் இதே நோய் வருவதுண்டு. எஸ்ரின் மிகுந்த கட்டியுடைய நாய்களில் பரவல் விரைவாக வந்ததையும், பிள்ளைகளின் கட்டிகளிலும் அதே போக்கு தெரிந்ததையும் அவர்கள் கண்டனர். அதன்பின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே திசையில் சென்றன. எனினும், எவ்வளவு பழுப்பு நிறம் இருந்தால் "மிகுதி" என்று கொள்வது என்பதில் ஆய்வகங்களிடையே ஒருமித்த அளவுகோல் உருவாகவில்லை. எஸ்ரினின் அளவைக் கொண்டு சிகிச்சையை மாற்றும் வழக்கமும் உருவாகவில்லை.

இரண்டாவது ஹெர்-2. மார்பகப் புற்றுநோய் வந்தவர் உள்ள குடும்பங்கள் இப்பெயரை அறிந்திருக்கும். அந்நோயில் ஹெர்-2 மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து பெரும்பயன் தருகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்டியோசார்கோமாவிலும் ஹெர்-2 மிகுந்தவர்களின் நிலை மோசமாக இருந்தது என்றது. நம்பிக்கையோடு அதே மருந்தை, நோய் பரவிய நிலையில் ஹெர்-2 மிகுந்திருந்தவர்களுக்குக் கீமோதெரபியுடன் கொடுத்துப் பார்த்தனர். 2012இல் வெளிவந்த அதன் முடிவில் தெளிவான பயன் தென்படவில்லை. 2014இல், முன்கூட்டியே திட்டமிட்டுத் திரட்டிய திசுக்களைக் கொண்டு அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுவினர் செய்த ஆய்வில், ஹெர்-2 அளவுக்கும் பிழைத்திருத்தலுக்கும் தொடர்பே இல்லை என்று தெரியவந்தது. முதல் ஆய்வைச் செய்தவர்களும் திறமையானவர்களே. நோயாளிகள் சிலராக இருக்கும்போது தற்செயலும் உண்மையைப் போலத் தோற்றமளிக்கும்.

இந்நோயில் அந்த ஆபத்து மிகுதி. நோய் அரிது என்பதால் ஆய்வுகள் சிறியனவாகவே அமைகின்றன. ஒரே கட்டிக்குள்ளேயே ஒரு பகுதியில் புரதம் மிகுந்தும் மறுபகுதியில் இல்லாமலும் இருக்கிறது. ஊசி தொட்ட இடத்தை மட்டுமே நாங்கள் பார்க்கிறோம். மேலே சொன்ன அமிலக் குளியல் ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுகிறது. ஆதலால் கி-67, வி.இ.ஜி.எப்., சர்வைவின், சி.எக்ஸ்.சி.ஆர்-4 என நீளும் பெயர்களில் எதையும் தனித்து நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல இன்று எந்த மருத்துவராலும் இயலாது.

இதனால் புரத ஆய்வுகள் அனைத்தும் வீண் என்று முடிவு செய்துவிட வேண்டாம். எலும்பில் தோன்றும் ஜயன்ட் செல் கட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதினருக்கு வரும் இக்கட்டி புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று. ஆயினும் எலும்பை அரித்து முறிக்கவல்லது. அதன் செல்கள் ராங்க்-லிகண்ட் என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பை அரிக்கும் பெருஞ்செல்களை அழைத்துக்கொள்கின்றன என்று தெரிந்தது. அப்புரதத்தைத் தடுக்கும் டெனோசுமாப் என்னும் மருந்துக்கு 2013இல் அமெரிக்காவில் இந்நோய்க்கான ஒப்புதல் கிடைத்தது. உரிய புரதம் அகப்பட்டால் அது மருந்தாகவும் மாறும்.

இன்று நாங்கள் எதை நம்புகிறோம்?

பிள்ளையின் நிலையை மதிப்பிட நாங்கள் முதன்மையாகப் பார்ப்பவை நான்கு. கண்டறியும்போது பரவல் உள்ளதா, கட்டி எவ்விடத்தில் எவ்வளவு பெரிதாக உள்ளது, அதனை முழுமையாக அறுத்து நீக்க முடிந்ததா, அறுவைக்கு முன் கொடுத்த கீமோதெரபியில் கட்டியின் எவ்வளவு பகுதி இறந்தது என்பனவே அவை. நீக்கிய கட்டியை முழுதாகச் சீவிப் பார்த்து, 90 விழுக்காடோ அதற்கு மேலோ இறந்திருந்தால் "நல்ல பலன்" என்று எழுதுகிறோம். எந்தத் தனிப் புரதத்தையும் விட இந்த அளவு இன்றளவும் நம்பத்தக்கதாக உள்ளது.

90 விழுக்காட்டுக்குக் குறைந்தால் நம்பிக்கை போயிற்று என்று கருத வேண்டாம். 2005 முதல் 2011 வரை 17 நாடுகளில் 2,260 பேரைச் சேர்த்து நடந்த யூராமோஸ் ஆய்வில், பலன் குறைந்தவர்களுக்கு மேலும் இரு மருந்துகளைச் சேர்த்துப் பார்த்தனர். பக்கவிளைவுகள் கூடின, பிழைத்தல் கூடவில்லை. எனவே, பலன் குறைந்தவர்களுக்கும் திட்டமிட்ட அதே மருந்துகளை முழுமையாகக் கொடுத்து முடிப்பதே முறை. "எண் மோசமாக இருக்கிறதே, வலுவான மருந்து கொடுங்கள்" என்று கேட்கும் பெற்றோரிடம் நாங்கள் மறுப்பதன் காரணம் இதுவே.

பரவல் தென்படாத நிலையில் வந்து சிகிச்சையை முழுமையாக முடிப்பவர்களில் 100 பேருக்கு 60 முதல் 70 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர் என்பது பெரிய மையங்களின் கணக்கு. பரவலோடு வருபவர்களில் அது 20 முதல் 30 பேர். இந்தக் கணக்குகள் கூட்டத்தைப் பற்றியவை. உங்கள் பிள்ளை அந்தக் கூட்டத்தில் எவ்விடத்தில் நிற்கிறது என்பதை அவை சொல்வதில்லை. நுரையீரலில் சில முடிச்சுகள் மட்டுமே இருந்து, அவற்றை அறுத்து நீக்க முடிந்தவர்களில் முற்றிலும் நலமடைந்தோர் உண்டு. மேலும், ஸ்கேனில் தெரியும் முடிச்சு ஒவ்வொன்றும் புற்றுநோய் என்றும் சொல்ல இயலாது. காசநோய் மிகுந்த நம் நாட்டில் பழைய தழும்பும் அவ்வாறு தோன்றலாம்.

இவ்விடத்துக்கு வந்த வழி

1970களுக்கு முன் காலை நீக்குவது ஒன்றே சிகிச்சையாக இருந்தது. அதன்பின்னும் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் நுரையீரல் பரவலால் இறந்தனர். 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்நிலையைத் தெளிவாக்கியது. அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் ஈராண்டு முடிவில் நோய் திரும்பாதிருந்தோர் 17 விழுக்காடு. அறுவையோடு கீமோதெரபியும் பெற்றவர்களில் 66 விழுக்காடு.

அம்மருந்துகளில் முதன்மையானது மெத்தோடிரெக்சேட். அதன் வரலாற்றில் நம் மாநிலத்துக்கும் பங்கு உண்டு. ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தலைமை ஏற்றிருந்தபோது அவருடைய குழுவினர் உருவாக்கிய மருந்து வரிசையில் பிறந்தது அது. அவர் 1948இல் மறைந்தார். மிக உயர்ந்த அளவில் அம்மருந்தைக் கொடுக்கும்போது இரத்தத்தில் அதன் அளவை இடைவிடாது பார்த்துவர வேண்டும். அவ்வசதி எல்லா இடத்திலும் இல்லை என்பதால், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர் அதனைத் தவிர்த்து, டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின், ஐபாஸ்பமைடு ஆகிய மூன்றைக் கொண்ட ஒரு முறையை வகுத்துள்ளனர். உங்கள் பிள்ளைக்கு எம்முறை கொடுக்கப்படுகிறது என்று கேட்டறியுங்கள்.

காலைக் காக்கும் அறுவையும் நம் நாட்டில் எட்டாத ஒன்றன்று. சென்னையில் பேராசிரியர் மயில்வாகனன் நடராஜன், நோயுற்ற எலும்பை நீக்கி அவ்விடத்தில் பொருத்தும் உலோகச் செயற்கை எலும்பை உள்நாட்டிலேயே செய்வித்துப் பல நோயாளிகளுக்குப் பொருத்தியவர். இன்று பலருக்குக் காலை இழக்காமலே நோயை நீக்க முடிகிறது. கட்டி இரத்தக்குழாயையும் நரம்பையும் சூழ்ந்த நிலையில் காலை நீக்குவதே உயிர் காக்கும் வழி என்றால், அதனைத் தாமதிக்காமல் ஏற்பதும் துணிவே.

"எங்கள் தொழிலால் வந்ததா?"

இக்கேள்வியைத் தந்தையர் பெரும்பாலும் தனியே வந்து, தாழ்ந்த குரலில் கேட்கின்றனர். அறிந்ததைச் சொல்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தோல் தூசியை மூக்கு மற்றும் அதனை ஒட்டிய குழிவறைகளின் புற்றுநோய்க்குக் காரணி என்றும், ஆறு இணைதிறன் குரோமியத்தை நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணி என்றும் வகைப்படுத்தியுள்ளது. ஆகவே, ஆலைகளில் முகக்கவசமும் காற்றோட்டமும் கட்டாயம் தேவை. பாலாற்றின் நிலத்தடி நீரைப் பற்றிய கவலையும் நியாயமானதே. ஆனால் பெற்றோர் தோல் தொழில் செய்வதால் பிள்ளைக்கு ஆஸ்டியோசார்கோமா வரும் என்பதற்குச் சான்று இல்லை. இந்நோய்க்கு உறுதியாகத் தெரிந்த காரணிகள் சிலவே: முன்பு பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை, கண்ணில் வரும் பரம்பரை ரெட்டினோபிளாஸ்டோமா, பி-53 மரபணுவில் பிறவியிலேயே உள்ள குறை, முதியோருக்கு வரும் பேஜட் நோய். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவற்றில் எதுவும் இருப்பதில்லை. விளையாடும்போது விழுந்த அடியும் இந்நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருந்த கட்டியை அது வெளிக்காட்டுகிறது. ஆதலால் பெற்றோர் தங்கள் மீது பழி சுமத்திக்கொள்ள வேண்டியதில்லை.

குடும்பத்தார் கவனத்துக்கு

ஓய்விலும் இரவிலும் நீடிக்கும் வலி, சில வாரங்களில் குறையாத வீக்கம், சிறு அடியில் முறியும் எலும்பு ஆகியவற்றுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய் தேய்த்து நீவுவதோ கட்டுப் போடுவதோ கூடாது.

திசுப் பரிசோதனையை, பின்னர் அறுவை செய்யப்போகும் மருத்துவமனையிலேயே செய்துகொள்வது நல்லது. ஊசி சென்ற பாதையையும் அறுவையின்போது நீக்க வேண்டியிருப்பதால், அது சரியான இடத்தில் அமைய வேண்டும்.

வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், அறிக்கையோடு கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெற்றுச் செல்லுங்கள். அதில் உங்கள் பிள்ளையின் திசு உள்ளது. மேற்கொண்டு எப்புரதத்தைப் பார்ப்பதானாலும் அதுவே தேவை. வேலூர் வெயிலில் நிற்கும் வண்டியின் முன்தட்டில் அதனை வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

எல்லா இரத்த அறிக்கைகளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் பரிசோதனை செய்யுங்கள்.

யாரேனும் புதிய புரதப் பரிசோதனையைப் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் முடிவு எதுவாக இருந்தாலும் சிகிச்சை மாறுமா? மாறாது எனில், இது ஆய்வுக்காகவா? ஆய்வுக்கு எனில், செலவு யாருடையது? ஆய்வுக்குத் திசு தருவதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மறுத்தாலும் சிகிச்சையில் எக்குறையும் வராது.

பணம் போதாது என்று சிகிச்சையை இடையில் நிறுத்துவதற்கு முன் சமூகப் பணியாளரைச் சந்தியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளது. ஆலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் பணிபுரிவோருக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், அவர்களைச் சார்ந்துள்ள பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. சிகிச்சைக்காகப் பயணிக்கும் புற்றுநோயாளிக்கும் உடன்வரும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை கிடைக்கிறது. அதற்குரிய சான்றிதழை மருத்துவமனையில் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் முதல் ஈராண்டுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுப்பது தவறக் கூடாது. பிள்ளை நன்றாக ஓடியாடும் காலத்தில்தான் இவ்வருகை மறந்துபோகிறது.

இறுதியாக, எங்களிடம் முதலில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு வருவோம். "பிள்ளை பிழைப்பானா?" என்பதற்கு இரத்தத்தில் உள்ள ஒரு நொதியோ திசுவில் உள்ள ஒரு நிறமோ இன்று விடை தருவதில்லை. விடையைப் பெரிதும் மாற்றக்கூடியவை சில நம் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன: விரைவில் வருதல், முறையான அறுவை, கடைசித் தவணை வரை கீமோதெரபி, தவறாத மறுபரிசோதனை. அடுத்த முறை அறிக்கையில் ஒரு வரி சுற்றிக் காட்டப்பட்டிருந்தால், அதனை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். பக்கத்தில் அமர்ந்து, அந்த எண்ணை முந்தைய எண்களோடு வைத்துப் படித்து விளக்குகிறோம்.